கலியமூர்த்தியின் ஏக்கம்

அன்றைக்கு இசக்கிராஜ் ஆறு பேருடைய மனைவிகளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தான். அதில் ஒருத்திதான் அவனுடையவள்.

மற்ற ஐந்து பேரையும் அவன் பார்த்ததுகூட இல்லை. ஜோகீந்தரின் மனைவி பஞ்சாபியில் திட்டுவாள். என்ன திட்டுகிறாள் என்று இசக்கிராஜுக்குப் புரியாது. ஆனாலும் அந்தத் திட்டை இன்னொரு தடவை காதால் கேட்டுவிட்டால் போதும் என்று கிடந்து தவித்தான். மணிப்பூர்க்காரன் இபோம்சாவின் மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே எதையோ முணுமுணுப்பாள். கலியமூர்த்தியின் மனைவி தையல்நாயகியின் உள்ளங்கையில் உப்பு வாசனை அடிக்கும். அவளுக்கு வேதாரண்யத்தில் உப்பளத்து வேலை. சங்கரன்கோவில்காரனான இசக்கிராஜ் உப்பைச் சோற்றில் பார்த்ததோடு சரி. உப்புக்கு வாசனை உண்டு என்பதே சந்திரனுக்கு வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஆமாம், சந்திரன்தான். அதன் தென்முனையில் பனிக்கட்டி கிடக்கிறது என்று தெரிந்த நாளிலேயே அது யாருக்கு என்ற சண்டையும் தொடங்கிவிட்டது. பூமியில் தண்ணீருக்கு அடித்துக்கொண்டவர்கள் அங்கே போய் மட்டும் திருந்திவிடுவார்களா? எந்திரங்களை வைத்தே சண்டையை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இவர்கள் எந்திரத்தை அவர்கள் குழப்பினார்கள், அவர்கள் எந்திரத்தை இவர்கள் குழப்பினார்கள். கடைசியில் வழக்கம்போல இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீருடை மாட்டி ராக்கெட்டில் ஏற்றி அனுப்பினார்கள்.

கூட்டுப்படையின் அந்தக் காவல் நிலையம் பாறைக்கு அடியில் குடைந்த ஒரு சுரங்கம். வீட்டோடு பேச முடியாது. பேசினால் அந்த அலையைப் பிடித்துக்கொண்டே எதிரியின் குண்டு வந்துவிடும். சுரங்க வாயிலில் நின்றால் அடிவானத்தில் பூமி தெரியும். அது மேலே ஏறுவதும் இல்லை, மறைந்து தொலைவதும் இல்லை, அதே இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே யாரும் நிற்கக் கூடாது என்று உத்தரவு. முன்பு ஒருவன் அதையே பார்த்துக்கொண்டு நின்று, முதுகில் இருந்த ஆக்சிஜன் தீர்வதைக் கவனிக்காமல் போய்ச் சேர்ந்திருந்தான்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் கருவி வந்தது. அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. கலியமூர்த்தி அதற்குச் சுமைதாங்கி என்று பெயர் வைத்தான். சாலையோரத்தில் தலைச்சுமைக்காரர்கள் பாரத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்காக நட்டிருப்பார்களே, அந்தக் கல்லின் பெயர். ரோந்து போகிறவன் கழுத்துக்குப் பின்னால் ஒரு பட்டையை ஒட்டினால் அவனுடைய ஏக்கம் இறங்கிவிடும். யாருடைய முறையோ அவன் நிலையத்தில் உட்கார்ந்து, ஆக்சிஜன் பம்பைப் பார்த்துக்கொண்டே எல்லோருடைய ஏக்கத்தையும் சுமப்பான். போனவர்கள் திரும்பி வந்ததும் அவரவருடையதை அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு டீ. டீ கொடுக்காமல் ஏக்கத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவர்களாகவே வைத்துக்கொண்ட விதி.

முதல் முறை சுமந்த அன்றைக்கே இசக்கிராஜ் நிலையத்து டாக்டர் ஷெரீபாவிடம் கேட்டுவிட்டான்.

"எதுக்கு டாக்டர் இன்னொருத்தன் தலையில கட்டுதீய? எடுத்து வெளிய கொட்டிர வேண்டியதுதான?"

"கொட்டிப் பார்த்தாச்சு" என்றாள் அவள். "முதல்ல வந்த ஒரு அணிக்கு அப்படித்தான் செஞ்சோம். நல்லாத்தான் வேலை பார்த்தாங்க. தவணை முடிஞ்சு ஊருக்குக் கிளம்புங்கன்னா ஒருத்தரும் கிளம்பலை. போய் என்ன பண்ணப்போறோம்னு கேட்டாங்க. பொண்டாட்டி பேர் தெரியுது, பிள்ளை முகம் தெரியுது. போகணும்னு மட்டும் தோணலை."

"சரி, ஒரு டப்பாவுல போட்டு வைக்கலாம்லா?"

"அது மனுஷ உடம்புக்குள்ளதான் உயிரோட இருக்கும், இசக்கிராஜ். வெளிய எடுத்து வெச்சா செத்துடும்."

"அப்ப நான்தான் டப்பா."

டாக்டர் சிரிக்கவில்லை. "நினைவெல்லாம் அவங்ககிட்டயேதான் இருக்கும். வலி மட்டும்தான் உங்ககிட்ட வருது. கூடவே ஒரு வாசனை, ஒரு குரல்னு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வரும். அதைத் தடுக்க எங்களுக்குத் தெரியலை."

"இது எப்பதான் தீரும்?"

"யாருக்காக ஏங்கறீங்களோ அவங்களைக் கண்ணால பார்த்தா தீரும். ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தானே தீருது?"

இசக்கிராஜுக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆவணியில் கல்யாணம், ஐப்பசிக்குள் ராக்கெட். தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை இல்லாமல் ஆவுடை மட்டும் தாய் வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்திருப்பாள். தெருப்பெண்கள் ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு அடைக்கும். ரோந்துக்குப் போகும்போது அந்த அடைப்பு இருக்காது. ஆவுடை நினைவில் இருப்பாள், ஏதோ தெரிந்த பெண் மாதிரி. திரும்பி வந்து டீ குடித்துவிட்டுத் தன்னுடையதை வாங்கிக்கொள்ளும்போது உயிர் போகும். ஆனாலும் வாங்கிக்கொள்வான். அந்த இருட்டுச் சுரங்கத்தில் அவனுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கலியமூர்த்தி அப்படி இல்லை. அணியிலேயே மூத்தவன், பெரிய வாய்க்காரன், எதையும் சிரித்தே தள்ளிவிடுகிறவன். ஒருநாள் ரோந்து முடிந்து வந்தவன் டீயைக் குடித்தான், டம்ளரை வைத்தான், பட்டையைக் கையில் எடுக்கவில்லை.

"இன்னைக்கு வேணாம் இசக்கி. ஒன்கிட்டயே கெடக்கட்டும்."

"அண்ணாச்சி, டாக்டருக்குத் தெரிஞ்சா தொலைச்சிப்புடுவா."

"யாரு சொல்லப்போறா? நாளைக்கும் நான்தான் போறேன். வாங்கின கையோட திருப்பிக் குடுக்கணும். எதுக்கு இந்த அலைச்சல்? லீவு வரட்டும். கெளம்பறப்ப மொத்தமா வாங்கிக்கிட்டுப் போயி அவ மடியில கொட்டிடுறேன்."

இசக்கிராஜால் மறுக்க முடியவில்லை. கலியமூர்த்தி வயிறு நிறையச் சாப்பிட்டான், கால் மேல் கால் போட்டுத் தூங்கினான். பல மாதமாக அந்தச் சுரங்கத்தில் யாரும் அப்படித் தூங்கியதில்லை. பார்க்கவே ஆறுதலாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. ஒருத்திக்காகத் தனியாக ஏங்குவதைவிட, கூட இன்னொருவனுடைய ஏக்கமும் இருந்தால் துணைக்கு ஆள் இருப்பது போலத்தான் இருக்கிறது. இது பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கிறவர்கள் சந்திரனில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்து பேசட்டும்.

நாள் வாரமாகி, வாரம் மாதமானது. சுமக்கும் முறை மற்றவர்களுக்கு மாறிப் போய் மறுபடி இசக்கிராஜிடம் வந்தது. கலியமூர்த்தியின் ஏக்கம் மட்டும் அவனிடம் திரும்பவில்லை; இசக்கிராஜ் ரோந்து போனால் இவனுடையதோடு சேர்ந்து இறங்கி, இவனுடையதோடு சேர்ந்தே திரும்பி வந்தது.

அன்றைக்கு ஐந்து பேர் ரோந்து போனார்கள். நான்கு பேர் திரும்பி வந்தார்கள்.

"பள்ளத்துல பனியில வெடிப்பு விட்டுச்சு" என்றான் ஜோகீந்தர், இந்தியில். இசக்கிராஜுக்கு அதற்குள் இந்தி பழகியிருந்தது. "திரும்புன்னு யாரும் சொல்லலை. எங்க காலு தானாத் திரும்பிச்சு. அவன் மட்டும் நின்னான். அடியில என்னதான் இருக்கு, பாத்துட்டு வரேன்னு இறங்கினான். விசில் அடிச்சுக்கிட்டே இறங்கினான். பனி அவன் மேல மூடிடுச்சு."

பிறகு ஜோகீந்தரே இன்னொன்றும் சொன்னான். "நாங்க தினமும் வாங்கிக்கறோம். உள்ள அது இல்லாட்டியும் அது இருந்த பழக்கம் உடம்புல இருக்கு. அவன் உடம்பு அதை மறந்துடுச்சு. பயப்பட அவன்கிட்ட ஒண்ணுமே இல்லை."

நான்கு பேரும் டீ குடித்துவிட்டு அவரவருடையதை வாங்கிக்கொண்டு போனார்கள். இசக்கிராஜுக்கு உள்ளே தையல்நாயகி இருந்தாள். அவளை வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை.

அவன் அழவில்லை. அழுகை வரவில்லை என்பதுதான் சரி. கலியமூர்த்தி செத்துப்போனான் என்று மூளை சொன்னது. நெஞ்சில் கலியமூர்த்தி உயிரோடு உட்கார்ந்துகொண்டு, எப்போது ஊருக்குப் போவோம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"வாங்கிக்க அவர் இல்லாம இதை மட்டும் தனியா எடுக்க முடியாது. எடுத்தா ரெண்டும் சேர்ந்துதான் போகும். உங்க மனைவி மேல இருக்கறதும் போயிடும்" என்றாள். "ஊருக்குப் போனதும் அந்தம்மாவை ஒரு தடவை போய்ப் பாருங்க. ஒரு பார்வை போதும், தீர்ந்துடும்."

போர் ஒருவழியாக முடிந்தது. வென்றது யார் என்று இரண்டு பக்கமும் அவரவருக்குத் தோதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தின்படி கருவிகளையெல்லாம் உடைத்துப் போட்டார்கள். உடைத்த அன்று எல்லோரிடமும் அவரவருடையது மட்டும் மிச்சமிருந்தது. இசக்கிராஜிடம் இரண்டு இருந்தன.

சங்கரன்கோவில் ரயில் நிலையத்துக்கு ஆவுடை வந்திருந்தாள். அவளைப் பார்த்த மாத்திரத்தில் டாக்டர் சொன்னது போலவே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது எத்தனை பெரியது என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. இன்னொன்று அப்படியே இருந்தது.

"மெலிஞ்சிட்டீய" என்றாள் ஆவுடை.

"நீயுந்தான்" என்றான் இசக்கிராஜ்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. ஆவுடை விசைத்தறிக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். அவன் சிரித்தான், பேசினான், அவள் சொன்ன இடத்துக்கெல்லாம் கூட வந்தான். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் இலையில் வைத்த உப்பை விரலில் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவான். அவள் கையைப் பிடிப்பான்; பிடித்துவிட்டு, தேடியது கிடைக்காதவன் மாதிரி விட்டுவிடுவான். ஆவுடை கண்ணில்லாதவள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? மழுப்பாம சொல்லணும்."

"கேளு."

"எவ அவ?"

அவன் மழுப்பவில்லை. சுமைதாங்கியிலிருந்து பனிப் பள்ளம்வரை எல்லாவற்றையும் சொன்னான். சோறு காய்ந்துபோனது. அவள் முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

"செத்தவன் பொண்டாட்டிய நெனச்சி எம் புருசன் சோறு திங்காம இருக்காரு. இத நான் யார்கிட்ட போயி சொல்லி அழ?"

"எனக்கு அவங்க முகங்கூடத் தெரியாது, ஆவுடை."

"மொகந் தெரியாதவளுக்கே இந்தப் பாடு!" என்றவள் சட்டென்று குரல் இறங்கிக் கேட்டாள்: "எனக்காவவும் இப்படித்தான் இருந்தீயளா, அங்க?"

"இதவிட."

"அத நான் பாக்கலையே" என்றாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "என்னப் பாத்ததும் ஒங்களுக்குத் தீந்துபோச்சு. அவளுக்காவ ஏங்குறதத்தான் தினமும் பாக்கேன். எனக்குன்னு இருந்தத ஒரு நாளுகூடப் பாக்கக் குடுத்து வைக்கல."

நாம் இல்லாதபோது நமக்காக ஒருவர் எப்படித் தவித்தார் என்பதை நாம் ஒருபோதும் பார்க்க முடியாது. நாம் வந்து நின்றதும் அது போய்விடுகிறது.

"ஒரு பார்வ போதும்னுதான டாக்டரம்மா சொன்னா? ஏன் இன்னும் போகல?"

"போனாத் தீந்துரும்."

"தீரட்டுமே."

"தீந்தா அண்ணாச்சி மொத்தமாப் போயிருவாரு, ஆவுடை."

"அப்ப நான் என்ன செய்ய? மூணு பேரா ஒரே வீட்டுல குடியிருக்கவா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். வழக்கத்தைவிடச் சத்தமாகவே கழுவினாள். பிறகு ஈரக் கையோடு வந்து நின்றாள். "நாளைக்குக் கெளம்புவோம். நானும் வாரேன்."

வேதாரண்யத்தை நெருங்க நெருங்க அவனுக்கு மூச்சு வாங்கியது. பாத்திகளும், வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்த உப்பும் அவன் இதற்கு முன் பார்த்திராதவை. ஆனால் எந்த இடத்தில் இறங்க வேண்டும், எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று யாரையும் கேட்காமல் நடந்தான்; வாசனையோடு வழியும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது போல. ஆவுடை பின்னாலேயே வந்தாள். பூவரச மரம் நின்ற ஓர் ஓட்டு வீட்டுக்கு முன்னால் அவன் கால் நின்றது.

"நீங்க இங்ஙனயே நில்லுங்க. அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க" என்றாள் ஆவுடை. "சொல்லாம கொள்ளாமப் போயி ஒரு பொம்பள முன்னால நிக்கக் கூடாது. நான் போயி விசயத்தச் சொல்லிட்டுக் கூப்பிடுதேன்."

உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. இசக்கிராஜ் உப்பளத்தைப் பார்த்து நின்றான். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. ஆவுடையின் குரலுக்கு நடுவே இன்னொரு குரல். அந்தக் குரலைக் கேட்டதும் மரத்தைப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னாலிருந்தே தையல்நாயகி பேசினாள்.

"நீங்கதான் அவருகூட இருந்தவரா?"

"ஆமா."

"அவரு கடைசி நேரத்துல என்னைய நெனைச்சாரா?"

நெனைச்சாரு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை. இசக்கிராஜுக்கு அது வாய்வரை வந்தது.

"ஒங்க ஞாபகம் அவர்ட்ட இருந்துச்சு. தவிப்பு மட்டும் இல்ல. அது எங்கிட்ட இருந்துச்சு. இருந்திருந்தா அன்னைக்குத் திரும்பியிருப்பாரு."

இனி அவள் சாபம்தான் கொடுப்பாள் என்று நினைத்தான்.

"அவரு அப்படித்தான்" என்றாள் தையல்நாயகி. "வலின்னா ஆவாது அவருக்கு. ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனாக்கூட என்னைய வந்து கையப் புடிச்சிக்கச் சொல்லுவாரு. வலிய யாருகிட்டயாவது குடுத்துட்டுத்தான் படுப்பாரு." சற்றுப் பொறுத்து, "அது இப்பவும் ஒங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"என்னையப் பாத்தாப் போயிடுமாமே?"

"அப்படித்தான் டாக்டர் சொன்னாங்க."

"அப்ப பாக்காதீங்க."

இசக்கிராஜ் மரத்தைவிட்டு அசையவில்லை.

"அவரு போனப்ப கொடி போத்தி ஒரு காலிப் பெட்டியக் கொண்டாந்து வச்சாங்க. அவரோடதுன்னு ஒரு மண்ணும் எனக்கு வந்து சேரல. இப்ப வந்து சொல்றீங்க, அவரு ஆசை மட்டும் இன்னும் உசுரோட இருக்குன்னு. அதை என் கையாலயே நான் முடிக்கணுமா? பாக்காதீங்க. அப்படியே போயிடுங்க. எங்கயாவது ஒரு எடத்துல அது இருக்கட்டும்."

அவளுடைய விசும்பல் கேட்டது. பிறகு ஆவுடையின் குரல், மெதுவாக: "சரிக்கா. ஒங்களுக்கு வேணும்னா இருக்கட்டும். நாங்க போறோம்."

"ஒனக்கு?"

"நான் பாத்துக்கிடுதேன்."

"எத்தினி நாளைக்கு?"

"தெரியல" என்றாள் ஆவுடை. அவள் குரலும் உடைந்துவிட்டது.

உப்பளத்தில் யாரோ பலகையால் உப்பை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இசக்கிராஜ் கிளம்பத் தயாரானான். இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டான்.

"இம்புட்டுத் தூரம் வந்திருக்காரு" என்றது தையல்நாயகியின் குரல், யாரிடமோ போல. "வாசல்ல நிக்க வச்சிக்கிட்டு நான் கதவைச் சாத்திக்கிட்டு நிக்கிறேனே."

தாழ்ப்பாள் விலகியது. இசக்கிராஜ் திரும்பினான்.

வெயிலில் கறுத்த, குள்ளமான ஒரு பெண். காது ஓரம் நரைத்திருந்தது. கணுக்காலில் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. அவளைப் பார்த்தபோது அவன் முகம் என்ன ஆனது என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்குப் பின்னால் நின்ற ஆவுடைதான் பார்த்தாள். தனக்குப் பார்க்கக் கிடைக்காத அந்த முகத்தை, வேறொருத்தியின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"தையலு" என்றான் அவன்.

"ம்" என்றாள் அவள். தினமும் சொல்லிப் பழகியது போல.

அவ்வளவுதான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். பிறகு அவன் கண்ணிலிருந்து அது போனது. போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்து கும்பிட்டான்.

"வணக்கம். நான் இசக்கிராஜ். அண்ணாச்சிகூட ஒரே அணியில இருந்தேன்" என்றான். நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தான். அங்கே கலியமூர்த்தி இல்லை. எங்கேயும் இல்லை. அன்றைக்குத்தான் செத்தது போல இருந்தது. பூவரச மரத்தடியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

தையல்நாயகி ஆவுடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டாரு தங்கச்சி" என்றாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவர்களை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டோமே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது போலிருந்தது. படியிறங்கி அவனிடம் வந்தாள்.

"எந்திரிங்க தம்பி. உள்ள வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க."